சைக்கிளுக்கு அடித்த லாரிக் காற்று

எலுமிச்சம்பழம் நசுங்கவே இல்லை. முன்சக்கரத்துக்கு அடியில் ஒன்று, பின்சக்கரத்துக்கு அடியில் ஒன்று என்று வைத்துவிட்டு என் நண்பன் சைக்கிளை உருட்டினான். இரண்டும் வழுக்கிக்கொண்டு ஓடின. ஒன்று நேராகச் சாக்கடையில் போய் விழுந்தது. லாரி என்றால் சத்தமில்லாமல் சப்பையாகியிருக்கும். சைக்கிளைக் கண்டு எலுமிச்சம்பழம் பயப்படுமா? வாசலில் நின்ற என் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவன் அசரவில்லை. செருப்புக் காலால் மற்ற பழங்களை மிதித்து நசுக்கினான். இரண்டு சைக்கிளுக்கும் கற்பூரம் காட்டினான்.

"ம், ஏறு மாப்ள" என்றான்.

அவனுக்கு நாமக்கல் பைபாஸில் லாரி டயர்க் கடை இருக்கிறது. பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளி. சக்கரம் என்று எதைப் பார்த்தாலும் அவனுக்கு லாரிச் சக்கரம்தான். போன வருஷம் சர்க்கரை இருப்பது தெரிந்து டாக்டர் நடக்கச் சொன்னார். நடக்கச் சோம்பல்பட்டு, கோயம்புத்தூரில் படிக்கிற மகன் வீட்டில் போட்டுவிட்டுப் போயிருந்த கியர் சைக்கிளை எடுத்து ஓட்டினான். மலையில் ஓட்டுவதற்கென்றே தடித்த டயர் போட்ட சைக்கிள் அது. ஓட்ட ஓட்டப் பித்துப் பிடித்துப்போய், தனக்கென்று இன்னொன்று வாங்கிவிட்டான். அதற்கப்புறம் ராத்திரி பகலாக செல்போனில் ஒரே காட்சிதான். எவனோ எங்கேயோ பாறைச் சரிவில் சைக்கிளோடு தடதடவென்று இறங்கிக்கொண்டிருப்பான். இவன் உட்கார்ந்த இடத்தில் வலதும் இடதுமாகச் சாய்வான்.

சேந்தமங்கலத்தைத் தாண்டி கொல்லிமலை அடிவாரத்துக்குப் போகிற வழியில் ஒரு கரடு உண்டு. மலை என்று சொல்ல முடியாது, மேடு என்று சொன்னால் கோபித்துக்கொள்ளும், அப்படி ஒரு பாறைக் குன்று. உச்சிவரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய், அங்கிருந்து ஓட்டிக்கொண்டு இறங்க வேண்டும் என்பது அவன் ஆசை. தனியாகப் போகக் கூடாது என்று அவன் மனைவி தலையில் கையை வைத்துச் சத்தியம் வாங்கிவிட்டாள். துணைக்கு வேறு ஆள் கிடைக்கவில்லையா என்று கேட்டேன். "நீ வந்தாப் போறேன், இல்லாட்டி வேண்டாம்" என்றான். அப்படியே ஐந்தாறு மாதம் காத்திருந்தான்.

காத்திருந்ததற்குக் காரணம் நான்தான். என் அம்மாவுக்கு வாதம் வந்து இரண்டு வருஷமாகிறது. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. எனக்குக் கல்யாணமாகவில்லை. எங்கள் பக்கத்தில் என் வயதில் பெண் கிடைக்காமல் நின்றுபோன ஆண்கள் ஊருக்கு ஊர் இருக்கிறோம், அதில் பெரிய கதை ஒன்றும் இல்லை. கோழிப்பண்ணையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். இப்போது அந்த வேலையை வீட்டிலேயே, அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செய்கிறேன்.

பேச்சுக்குப் பதிலாக அம்மாவுக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர். இடது கைக்கு எட்டுகிற மாதிரி வைத்திருப்பேன். இரும்புக் கட்டில் சட்டத்தில் அதைத் தட்டுவாள். டிங். தண்ணீர் வேண்டும். டிங். புரட்டிப் படுக்க வை. டிங். விளக்கை அணை. பல சமயம் ஓடிப்போய் நின்றால் ஒன்றும் வேண்டாம், சும்மா என் முகத்தைப் பார்ப்பாள். நான் "என்னம்மா?" என்பேன். போகப் போக அந்த "என்னம்மா"வில் அம்மா தேய்ந்து, "என்ன?" மட்டும் மிஞ்சியது. ராத்திரியில் நான் தூங்குவதாகப் பேர்தான். காது மட்டும் கட்டிலோடு கட்டிப்போட்டது போலக் கிடக்கும். குளிக்கும்போது கேட்கும், மளிகைக் கடையில் நிற்கும்போது கேட்கும். பக்கத்து வீட்டில் கரண்டி விழுந்தால் நான் எழுந்து நிற்பேன்.

அக்காவைத் தம்மம்பட்டியில் கட்டிக்கொடுத்திருக்கிறது. கறவை மாடுகளை விட்டுவிட்டு ராத்திரி தங்க முடியாதவள். அந்த மே மாதத்தில் நண்பன் அவளுக்குப் போன் போட்டு என்ன சொன்னானோ, காலைப் பாலைக் கறந்து ஊற்றிவிட்டு, ராசிபுரத்தில் பஸ் மாறி வந்து சேர்ந்தாள். சாயங்கால பஸ்ஸுக்குத் திரும்பிவிட வேண்டும். நடுவில் இருக்கிற பகல் எனக்கு. இரண்டு வருஷத்தில் எனக்கென்று கிடைத்த முதல் பகல். அடுத்தது எப்போது கிடைக்கும் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

"பொழுதோட வந்துரு. அதுவரைக்கும் ஊட்டு நெனப்பே வரக்கூடாது சொல்லிப்போட்டேன்" என்றாள் அக்கா.

விடிகாலையில் கிளம்பியிருக்க வேண்டியது. அக்கா வந்து, நண்பன் சைக்கிள்களைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, எலுமிச்சம்பழச் சடங்கெல்லாம் முடித்துக் கிளம்பும்போது வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. கத்திரி முடிய இன்னும் சில நாள் பாக்கி. தார்ரோட்டை விட்டு இட்டேரிக்குள் நுழைந்தோம். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் வண்டித் தடம், தடம் நெடுகக் கல். ஒரு பக்கம் அறுத்து முடித்த மரவள்ளிக் காடு, இன்னொரு பக்கம் கோழிப்பண்ணை. அந்த வாடையில் மூச்சை இழுத்துப் பிடித்து மிதிக்க வேண்டியிருந்தது.

எனக்கு அந்தச் சவாரி ஒத்துவரவில்லை என்று நேராகவே சொல்லிவிடுகிறேன். தடித்த டயர் கல்லை விழுங்கிக்கொண்டு போகும், மெத்தையில் உட்கார்ந்த மாதிரி இருக்கும் என்று நண்பன் வாய் ஓயாமல் சொல்லியிருந்தான். சக்கரம் ஒவ்வொரு கல்லிலும் பந்து போல எகிறியது. கைப்பிடியில் ஏறிய அதிர்ச்சி பல் வரைக்கும் வந்தது.

"ஏண்டா, டயரு கல்லாட்டம் இருக்குது. காத்து எவ்வளவு அடிச்ச?"

"நம்ம கடையில, நானே புடிச்சேன். கும்முன்னு இருக்குது பாரு. டயருன்னா அப்படித்தான் இருக்கோணும். கொழகொழன்னு இருந்தா பாரம் தாங்குமா?"

முட்டை லாரிக்கும் எனக்கும் ஒரே பாரம் என்று கணக்குப் போட்டிருந்தான். கரட்டு வழியில் போகிற இந்த சைக்கிளுக்குக் காற்றுக் குறைவாகத்தான் இருக்க வேண்டும் என்பது பிற்பாடு அவன் மகன் போனில் திட்டியபோதுதான் எங்கள் இருவருக்கும் தெரிந்தது.

இதைவிட மோசமான தொந்தரவு ஒன்று இருந்தது. சைக்கிள் கம்பியில் தண்ணீர் பாட்டில் செருகுவதற்கு ஒரு கூடு உண்டு. அதில் என் எவர்சில்வர் பாட்டிலைச் செருகியிருந்தேன். பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அது கம்பியில் இடித்தது. டிங். நான் பிரேக்கைப் பிடித்துவிட்டேன். காலை ஊன்றித் திரும்பிப் பார்த்துவிட்டேன். வெறும் இட்டேரி, வேலியில் ஒரு ஓணான். மறுபடி மிதித்தேன். டிங். மறுபடி நின்றேன். பாட்டில்தான் என்று தெரிகிறது, ஆனாலும் கை தன்பாட்டுக்குப் பிரேக்கைப் பிடிக்கிறது. முன்னால் போய்க்கொண்டிருந்த நண்பன் இரண்டு மூன்று தடவை திரும்பிப் பார்த்தான்.

"என்னடா, ஏதாவது உழுந்துருச்சா?"

"ஒண்ணுமில்ல. இந்தப் பாட்டல். அம்மாவோட டம்ளராட்டவே சத்தம் வருது."

அவன் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்தான். பாட்டிலை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டான். பாட்டில் இல்லாத பின்னும் எனக்கு நாலைந்து இடத்தில் கேட்டது என்பதை அவனிடம் சொல்லவில்லை.

கரட்டின் அடிக்கு வந்தபோது எனக்குத் தொடை வெடவெடவென்று ஆடியது. அங்கே ஒரு புங்கமரம் இருந்தது. மே மாதத்தில் புங்கமரத்து நிழலுக்கு ஈடாக எதையும் சொல்ல முடியாது. சைக்கிள்களை வெயிலில் போட்டுவிட்டு நாங்கள் மட்டும் நிழலுக்குள் நுழைந்தோம். நண்பனின் மனைவி கட்டிக்கொடுத்த தக்காளிச் சோற்றைச் சாப்பிட்டோம். அவன் அண்ணாந்து கரட்டின் உச்சியையே பார்த்துக்கொண்டு, எந்தப் பாறைக்கு இடது பக்கம் ஒடிக்க வேண்டும், எங்கே பின்னால் சாய வேண்டும் என்று விரலால் காற்றில் கோடு போட்டுக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு களை. எனக்கும் தொற்றிக்கொண்டது. பயமாகவும் இருந்தது, போய்த்தான் பார்ப்போமே என்றும் இருந்தது. அந்தச் சரிவில் இறங்குகிற நேரமாவது வேறெதுவும் காதில் விழாது என்று நினைத்தேன்.

டமார் என்று ஒரு சத்தம். கரட்டில் இருந்த மயில்கள் அத்தனையும் கத்தின. நான் எழுந்து வீட்டுப் பக்கம் நாலடி ஓடியேவிட்டேன். திரும்பிப் பார்த்தால், வெயிலில் கிடந்த என் சைக்கிளின் பின்சக்கரம் தொளதொளவென்று கிடக்கிறது. அடித்த காற்றுக்கும் அடிக்கிற வெயிலுக்கும் டியூப் தாங்கவில்லை. ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்திருந்தது, ஒட்டவும் முடியாது.

நண்பன் டியூபை உருவிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். ஊரில் ஓடுகிற லாரியில் பாதிக்கு டயர் பார்க்கிறவன். நான் சிரிக்கத் தொடங்கினேன். பிறகு சிரிப்பு வரவில்லை, எரிச்சல் வந்தது.

"ஸ்பேர் டியூப்பு?"

"லாரின்னா ஸ்டெப்னி இருக்கும்" என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு.

தன் சைக்கிளின் காற்றை உஸ்ஸென்று பாதி இறக்கிவிட்டான். "சேந்தமங்கலம் போயி டியூப்பு வாங்கியாறேன். ஒரு மணி நேரம். நீ இப்பிடியே உக்காரு. வந்ததும் மேல ஏறிரலாம்" என்று சொல்லி, தலையில் கட்டியிருந்த துண்டை என்னிடம் வீசிவிட்டு மிதித்துக்கொண்டு போய்விட்டான். துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துப் படுத்தேன். அவன் வருகிறவரைக்கும் கண்ணை மூடியிருக்கலாம் என்றுதான் படுத்தேன்.

விழித்தபோது நிழல் என்னை விட்டு அந்தப் பக்கம் போயிருந்தது. வாயோரம் எச்சில் காய்ந்திருந்தது. எங்கே இருக்கிறேன் என்று புரியவே கொஞ்ச நேரமானது. நண்பன் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு கல்லை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டிருந்தான். என் சைக்கிள் சக்கரம் மாட்டித் தயாராக நின்றது.

"மணி என்னடா?"

"நாலு தாண்டிருச்சு."

"நீ எப்ப வந்த?"

"அப்பவே வந்துட்டேன். அளவான டியூப்பு கெடைக்கல. கொஞ்சம் சின்னது, இழுத்து மாட்டிக் கைப்பம்புல காத்தடிச்சிருக்கறேன்."

"கரடு?"

"அக்காளுக்குப் பஸ்ஸு இருக்குதில்ல. இனி ஏறினா நேரத்துக்கு ஊடு போய்ச் சேர முடியாது. கெளம்பலாம்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் துண்டைத் தூக்கி அவன் மேல் எறிந்தேன். "ஏண்டா எழுப்பல?"

"அசந்து தூங்கிட்டிருந்த."

"தூங்கறதுக்கா எங்கக்கா ரெண்டு பஸ் மாறி வந்தா? ரெண்டு வருசத்துக்கு ஒரு நாளு. அதைப் பொணமாட்டம் படுத்துக் கெடந்து தொலைக்கறதுக்கா இவ்வளவு தூரம் வந்தேன்? தூக்கம் எங்கூட்டுல வராதா?"

வராது என்பது சொல்லும்போதே எனக்குத் தெரிந்தது. ஆனால் நிறுத்த முடியவில்லை. காற்றடிக்கத் தெரியாத டயர்க் கடைக்காரன் என்றேன். இன்னும் நிறையச் சொன்னேன். அவன் ஒவ்வொன்றுக்கும் "சரி" என்றான். துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டான். போகும்போது ஒரே ஒருமுறை கரட்டைத் திரும்பிப் பார்த்தான். நான் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி முன்னால் மிதித்தேன்.

இட்டேரி முடிகிற இடத்தில் ஒரு அம்மா ஆடுகளை ஓட்டிக்கொண்டு எதிரே வந்தார். வழி விடுவதற்காக இறங்கி நின்றோம். ஆட்டுக் கழுத்து மணிகள் கலகலவென்று எங்களைத் தாண்டின. அந்த அம்மா என்னை நின்று பார்த்தார்.

"ஏனுங்க, தூக்கம் தெளிஞ்சுதுங்களா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் நண்பனைக் கையால் காட்டினார். "மத்தியானத்துல ஆட்டை அந்த மரத்தடிக்குத்தானுங்க ஓட்டியாந்தேன். இந்தத் தம்பி பாதி வழியிலயே ஓடியாந்து மறிச்சுப் போட்டுதுங்க. மணிச் சத்தம் கேட்டா எந்திரிச்சுருவான், அக்கட்டால சுத்திப் போங்கன்னு கையெடுத்துக் கும்புடுதுங்க. அத்தனாந் தூரம் சுத்திட்டுப் போனேனுங்க. ஒடம்புக்கு ஏதாச்சும் முடியலைங்களா?"

"நல்லாத்தான் இருக்கறானுங்க" என்றான் நண்பன் அவசரமாக. அவன் காது சிவந்திருந்தது.

அதற்கப்புறம் நான் முன்னால் போகவில்லை. பின்னாலேயே போனேன். ஒரு பள்ளத்தில் சைக்கிள் இறங்கி ஏறியபோது ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. குனிந்து பார்த்தேன். பாட்டில் மறுபடி கூட்டில் இருந்தது, தண்ணீர் நிரப்பி. கிழிந்த டியூபை நீள நீளமாக அறுத்து, பாட்டிலைச் சுற்றிக் கழுத்துவரை இறுக்கிச் சுற்றியிருந்தான். கருத்த ரப்பர், ஒட்டுக்கு மேல் ஒட்டு, லாரிக் கடை வேலை. எத்தனை குலுங்கினாலும் தொம் தொம் என்று மட்டும் ஒரு மந்தமான சத்தம் வந்தது.  திட்டியதை எப்படித் திரும்ப வாங்குவது என்று தெரியவில்லை. வீடு வரும்வரைக்கும் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே மிதித்தேன்.

வாசலில் கடைப் பையன் குட்டியானையைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். அக்கா புடவையை மாற்றிப் பையோடு தயாராக இருந்தாள்.

"மேல ஏறுனீங்களா? எறங்கறப்பப் பயமா இருந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே வந்தவள் என் முகத்தருகில் நின்றுவிட்டாள். ஏறினோம் என்று சொல்லிவிடலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் என் கன்னத்தைத் தொட்டாள். துண்டின் கோடுகள் அதில் இன்னும் அப்படியே பதிந்திருந்தன.

"தூங்குனயா சாமி?"

"ம்" என்றேன். அதற்கு மேல் பேசினால் அழுதுவிடுவேன் என்று இருந்தது.

"நல்லா இருக்குது போ" என்றாள். என்மேல் கோபப்படவில்லை, சிரிக்கவும் இல்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு பையை எடுத்தாள். "அம்மாளும் சமத்தா இருந்துச்சு. நானும் காதைத் தீட்டி வெச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். ஒருக்காக்கூடத் தட்டல. நானா நேரம் பாத்துத் தண்ணி குடுத்தேன், திருப்பிப் படுக்க வெச்சேன். கண்ணு மட்டும் வாசப்படியவே பாத்துக்கிட்டு இருந்துச்சு."

"தட்டவே இல்லையா?"

"இல்லீங்கறேன்."

நண்பன் சைக்கிள்களைத் தூக்கி வண்டியில் சாய்த்துக் கட்டினான். அக்காவை பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடுவதாகச் சொன்னான். முன்சீட்டில் அவளை உட்கார வைத்துவிட்டு, தான் பின்னால் சைக்கிள்களோடு நின்றுகொண்டான். எதையாவது சொல்ல வேண்டும் என்று அருகில் போனேன். "அடுத்த தடவை காத்து நான் புடிக்கறேன்" என்றுதான் வாயில் வந்தது. அவன் பாட்டிலை என் கையில் கொடுத்தான். "கழட்டிராத, நல்லா இறுகியிருக்குது" என்றான். வண்டி கிளம்பிவிட்டது.

சத்தம் அடங்கி நான் படியேறிக் கதவைச் சாத்தியதும் உள்ளே கேட்டது. டிங்.

போய் நின்றேன். தண்ணீர்ச் செம்பைக் காட்டினேன், வேண்டாம் என்று தலை அசைந்தது. திருப்பிப் படுக்க வைக்கட்டுமா என்று கேட்டேன், அதுவும் வேண்டாம். ஒன்றும் வேண்டாம். அம்மா டம்ளரை மார்மேல் வைத்துக்கொண்டு, என் கன்னத்துக் கோடுகளையும் முழங்காலில் ஒட்டியிருந்த செம்மண்ணையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷமாக நான் "என்ன? என்ன?" என்று கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்குப் பதில் எதிரிலேயே கிடந்தது. அவள் என்னிடம் எதையும் கேட்கவில்லை. நான் இருக்கிறேனா என்று தட்டிப் பார்த்திருக்கிறாள்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். உடம்பு முழுக்க வலித்தது.

"இருக்கறேன்மா" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் அம்மா தூங்கிப்போனாள், டம்ளர் அவள் கையிலிருந்து நழுவியது. அதை எடுத்து அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தேன்.